கிழக்கே திரும்பிய மெஷினும் ஒரகடத்துச் சனிக்கிழமையும்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். பேருந்துக் கட்டணம், காத்திருந்த நேரம், யார் என்ன சொன்னார்கள் என்ற எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். எங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்க மாட்டேன். அப்படி ஒன்று இருக்கிறது, இடையில் வரும்.

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கூரத்துக்கு சைக்கிளில் போனது, திருப்புட்குழிக்கு மழையில் போனது என்று. இந்த முறை போனது ஒரு வெளிநாட்டு மெஷின் கம்பெனியின் சர்வீஸ் அலுவலகத்துக்கு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்களில் சிலருக்குப் போகவேண்டிய கட்டாயம் வரலாம், முக்கியமாக ஒரே ஒரு மெஷினை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு. அவர்களுக்காக எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை சுமதி ஓரிக்கையில் வாடகை ஷெட் ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைச் செதுக்குகிற சி.என்.சி. மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. அதிலும் கத்தியும் பொருளும் ஒரே நேரத்தில் ஐந்து விதமாக அசைந்து திரும்புகிற உயர்ந்த வகை. ஒரகடத்தில் அத்தை ஆபரேட்டராக வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டபோது பழைய மெஷினாக வாங்கியது. முறையாகத் தன் பெயருக்கு மாற்றி, தயாரித்த கம்பெனியிடமும் பதிவு செய்துதான் வாங்கினார். ஷெட்டில் இறக்கியபோது கம்பெனி ஆளே வந்து ஓடவிட்டுப் போனார். தறிகளுக்கான ஜக்கார்ட் பெட்டியின் உதிரி பாகங்கள்தான் வழக்கமான வேலை. கூடவே, கால் பலவீனமானவர்கள் அணிகிற காலிப்பருக்கு அலுமினியத்தில் முழங்கால் மூட்டும் செய்து கொடுக்கிறார்.

அப்படி ஒரு மூட்டுதான் ஜெயந்திக்கு வேண்டியிருந்தது. ஜெயந்தி பதினோராம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். இடது காலில் காலிப்பர் போட்டுத்தான் நடப்பாள். அதன் மூட்டில் விரிசல் விட்டுவிட்டது. கடையில் கிடைக்கிற இரும்பு மூட்டு கனம். சின்ன வயதில் அதைப் போட்டுப் புண்ணாகியிருக்கிறாள். எங்கள் வகுப்பு முதல் மாடியில். தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன் என்று அவள் அப்பா சொன்னதற்கு, “பதினாறு வயசாவுது, என்னை யாரும் தூக்க வாணாம்” என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள். அத்தை மூட்டைச் செதுக்க ஆரம்பித்தார். பாதி முடிந்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜையன்று எல்லாம் கிழக்கே பார்க்கும். தையல் மெஷின், கிரைண்டர், ஆட்டோ, என் சைக்கிள் எல்லாவற்றையும் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் பொட்டு வைப்போம். அன்று எதற்கும் வேலை கொடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் மறுபடி தொடுவோம். அத்தையின் மெஷினுக்கு அது முதல் பூஜை. அதன் முகம் தெற்கே பார்த்திருந்தது. பல டன் எடை. அத்தை பாஷா பாயைக் கூப்பிட்டார். பாஷா பாய் கனமான இயந்திரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளைகளில் நகர்த்தி வைப்பதையே தொழிலாகச் செய்பவர். நாலு ஆட்களோடு வந்து ஒரு காலையில் மெஷினைக் கிழக்கே திருப்பி வைத்தார். இடம் மாறவில்லை. அதே ஷெட், அதே தரை, கால் வட்டம் திரும்பியது, அவ்வளவுதான். பாதி செதுக்கிய மூட்டு உள்ளே பிடியிலேயே இருந்தது.

விஜயதசமி காலை தேங்காய் உடைத்து, எல்லோரும் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அத்தை மெஷினைப் போட்டார். திரையில் சிவப்பாக ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. நான் சத்தமாகத் தமிழில் படித்தேன்: “இயந்திரம் இடம் மாற்றப்பட்டது கண்டறியப்பட்டுள்ளது. இயக்கம் நிறுத்தப்பட்டுள்ளது.”

“இன்னா சொல்லுது அது?” என்றார் பாஷா பாய்.

“நீங்க தூக்கினது அதுக்குப் புடிக்கலையாம்” என்றார் அத்தை. அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“நான் லாரி இன்ஜின் தூக்கியிருக்கேன், தேர் அச்சு திருப்பியிருக்கேன். இப்டி ரோஷப்படுற மெஷின என் சர்வீஸ்ல பாத்ததில்ல மேடம்.”

காரணத்தைத் தேடிப் படித்தேன். இந்த வகை மெஷினால் ஏவுகணைப் பாகங்களையும் செதுக்க முடியும். அதனால் இதைத் தயாரிக்கும் நாடுகள் இதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றன. யார் வாங்குகிறார்கள், எதற்கு, எங்கே வைப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விற்கிறார்கள். வாங்கியவர் சொல்லாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு உணர்கருவி வைத்திருக்கிறார்கள். தூக்கினாலோ திருப்பினாலோ பூட்டிக்கொள்ளும். திறக்க ஒரு கோடு, அதாவது ரகசிய எண், வேண்டும். அந்த எண்ணைக் கொடுப்பதே ஒரு ஏற்றுமதி மாதிரிதானாம். அதற்கும் தலைமையகத்தின் அனுமதி வேண்டும்.

கம்பெனியின் இணையதளத்தில் படிவம் இருந்தது. அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுதச் சங்கடப்படுவார். நான் நிரப்பினேன். மெஷின் அசைந்த காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: தொழிற்சாலை இடமாற்றம், விற்பனை, நிலநடுக்கம், வெள்ளம், மற்றவை. ‘மற்றவை’யை அழுத்தி, ‘வழிபாட்டுக்காகக் கிழக்கு நோக்கித் திருப்பினோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேலே பாதகமான விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான். எழுதியபோது எனக்கு அதில் தவறாக ஒன்றும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபோன் செய்தால் கோரிக்கை எண்ணைக் கேட்டுவிட்டு, பரிசீலனையில் உள்ளது என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. மெஷினின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாதி மூட்டு தெரிந்துகொண்டே இருந்தது. ஜெயந்தி குரல் செய்தி அனுப்பினாள்: “ஏண்டி, என் காலுக்கு விசா வந்துச்சா இல்லையா?” நேரில் போய்விடுவது என்று அத்தை முடிவு செய்தார். ஐப்பசி முதல் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. ஆங்கிலம் பேச நான் துணைக்குப் போனேன்.

காலை 7.10க்கு ஓரிக்கையிலிருந்து ஷேர் ஆட்டோ. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு ஆளுக்கு இருபது ரூபாய். காந்தி சாலையில் பட்டுக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆனாலும் வெளியூர் கார்களைக் கை காட்டி நிறுத்துகிற ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். எங்களை யாரும் நிறுத்தவில்லை. அத்தை மெஷினின் பழைய பில், பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு புடவைக்கடைப் பையில் வைத்திருந்தார். நான் கூடையில் அவிக்கிற எங்கள் ஊர்க் குடலை இட்லி நாலு துண்டு வைத்திருந்தேன். பிரயாணத்துக்கு அதுதான் நல்லது, மாலைவரை கெடாது.

7.50க்கு வாலாஜாபாத், ஒரகடம் வழியாகத் தாம்பரம் போகிற பேருந்து. மகளிருக்கு இலவசமான பேருந்து என்று நினைத்து ஏறினோம், இல்லை. ஒரகடத்துக்கு ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். வாலாஜாபாத் வரைக்கும் ஏரியும் வயலும் தெரியும். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது என்று எழுதலாம் என்றிருந்தேன். அன்று வெயிலே இல்லை, தூறல். வாலாஜாபாத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகள், முடிவே இல்லாத மதில்கள், மதிலுக்கு மேல் கம்பெனிப் பலகைகள். அத்தை ஒரு மதிலைக் காட்டி, “இங்கதான் நான் வேலை பாத்தேன். இந்த கேட்லதான் ராத்திரி ஷிப்டுக்கு பஸ்ஸு நிக்கும்” என்றார். இப்போது அங்கே வேறு பெயர் இருந்தது.

9.05க்கு ஒரகடம் கூட்ரோடு, சாலைகள் சேருகிற இடம். அங்கிருந்து தொழிற்பூங்கா நான்கு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ உள்ளே போகாது. தனி ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

“நாலு கிலோமீட்டருக்கு நூத்தம்பதா? ஏம்பா, தங்கத்துல சக்கரம் போட்டிருக்கியா?” என்றார் அத்தை.

“திரும்பி வரப்ப காலி ஆட்டோமா. அங்க எல்லாருமே கம்பெனி கார்ல வர்றவங்க. பஸ்ல வந்து எறங்குறவங்கள நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

நூற்று இருபதுக்கு முடிந்தது. நீங்களும் நூற்று இருபதுக்குக் கேளுங்கள்.

சர்வீஸ் அலுவலகம் கண்ணாடிக் கட்டடம். வாசலில் காவலர் முதலில் கேட்டது, “அப்பாயின்ட்மென்ட் இருக்குதாமா?” என்பது. இல்லை என்றோம். எந்தக் கம்பெனி என்றார். அத்தை பட்டறையின் பெயரைச் சொன்னார். காவலர் கையிலிருந்த கருவியில் வாடிக்கையாளர் பட்டியல் இருந்தது. அதில் எங்கள் பட்டறை இல்லை. பெரிய வாடிக்கையாளர்கள் மட்டும்தான் அதில் ஏறுவார்களாம். அத்தை பதிவுச் சான்றை எடுத்துக் காட்டியபிறகு உள்ளே விட்டார். குளிரூட்டிய அறையில் மெத்தென்ற நாற்காலிகள். காபி மெஷின் ஒன்று இருந்தது, ஆனால் ஊழியர் அட்டையைக் காட்டினால்தான் கொடுக்கும். அதுவும் பூட்டிக்கொள்கிற மெஷின்தான்.

9.40லிருந்து உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணி வாக்கில் உள்ளேயிருந்து இரண்டு இன்ஜினீயர்கள் லேப்டாப் பையோடு அவசரமாக வெளியே போனார்கள். எதிரே இருக்கிற பெரிய தொழிற்சாலை, தன் கூடத்தை மாற்றி அமைத்து எங்களுடையது போன்ற மெஷின்களை வரிசையாக நகர்த்தியிருக்கிறதாம். அவற்றைத் திறந்துவிடப் போகிறார்கள். வரவேற்பில் இருந்த அக்கா இதை ஃபோனில் யாருக்கோ சொன்னபோது எங்களுக்குக் கேட்டது.

“அப்ப, மெஷின நகத்தலாம்” என்றார் அத்தை என்னிடம். “நாம நகத்தினாத்தான் தப்பு.”

பதினொன்றேகாலுக்கு எங்களை ஒருவர் கூப்பிட்டார். பெயர் கார்த்திக், சர்வீஸ் இன்ஜினீயர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முகவரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஓரிக்கையா? நான் திருப்புட்குழி மேடம்.”

“அப்ப நல்லதாப் போச்சுப்பா. ஊருக்குப் போறப்ப எங்க ஷெட்டுக்கு வந்து அந்தக் கோடு அடிச்சிட்டுப் போயேன்.”

“கோடு என்கிட்ட இல்ல மேடம். ஹெட் ஆபீஸ்ல ரிலீஸ் பண்ணாத்தான் இந்த லேப்டாப்ல வரும்.” அவர் எங்கள் கோரிக்கையைத் திரையில் திறந்தார். படித்தார். “காரணம்னு போட்டிருக்கிறதை யார் எழுதினது?”

“நான்தான்” என்றேன்.

“எத்தினாவது படிக்கிறே?”

“பிளஸ் ஒன்.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “எங்க வீட்லயும் கிரைண்டரைக் கிழக்க பாக்கத்தான் வெச்சிருக்காங்க. எனக்குப் புரியுது. ஹெட் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குப் புரியாதே. நிலநடுக்கம்னு ஒண்ணு இருந்துச்சு பாரு, அதை அழுத்தியிருந்தா ரெண்டு நாள்ல வந்திருக்கும். அவங்க நாட்டுல அது சகஜம். கேள்வியே கேக்க மாட்டாங்க.”

“காஞ்சிபுரத்துலயா நிலநடுக்கம்?” என்றேன்.

“யாரு வந்து பாக்கப் போறா?”

அத்தை மேசையில் சாய்ந்துகொண்டார். “இப்ப மாத்திப் போடுப்பா. பூமி ஆடுச்சுன்னு போடு. எனக்கு ஆடிக்கினுதான் இருக்குது.”

“மாத்த முடியாது மேடம். ஒரு தடவை போனது போனதுதான். மாத்தினா அது இன்னும் சந்தேகம்.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. பொய் எழுதியிருந்தால் ஜெயந்தி போன வாரமே பள்ளிக்கு வந்திருப்பாள். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் என் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னவருக்கு வழி அடைபட்டு, பொய் சொன்னவருக்குத் திறக்கிற மாதிரி ஒரு படிவத்தைச் செய்து வைத்தவர்கள் மேல்தான் வந்தது. ஆயுதம் செய்கிறவன் அந்தப் படிவத்தில் உண்மையையா எழுதுவான்?

தலைமையகம் கூடுதலாகக் கேள்விகள் அனுப்பியிருந்தது. அவை ஒரு வாரமாக கார்த்திக்கின் கம்ப்யூட்டரில் கிடந்தன. ஏன் எங்களுக்கு அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, ஒரே மெஷின் வைத்திருப்பவர்களின் கோரிக்கைகளைச் சேர்த்து வைத்து மாதக் கடைசியில்தான் பார்ப்போம் என்றார். கேள்விகளை நான் படித்துச் சொல்லச் சொல்ல அத்தை பதில் சொன்னார். உங்கள் நிறுவனத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி யார்?

“எதிர்க்க இருக்கிற கம்பெனிக்கு அதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்குது” என்றார் கார்த்திக், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

“எனக்கு இவ இருக்கா. உன் பேரை எழுதுடி.”

பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டுமாம். அத்தையின் பெயரையே எழுதினோம். அடுத்தது: மெஷினோடு தொடர்புடைய மத அமைப்பு எது? அத்தைக்குப் புரியவில்லை. எனக்கும் புரிய நேரம் ஆனது. வழிபாடு என்று எழுதியதால், ஏதோ ஒரு மத அமைப்புக்காகத்தான் மெஷின் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த அமைப்பும் இல்லை என்று எழுதினேன். அடுத்தது: நிகழ்ச்சியில் பங்கேற்ற நபர்களின் பெயரும் குடியுரிமையும்.

“பொரி வாங்கினு போனவங்க பேரெல்லாமா?” என்றார் அத்தை.

“மெஷினைத் தொட்டவங்க மட்டும் போதும் மேடம்.”

“தொட்டது பாஷா பாயும் அவரு ஆளுங்களும்.”

கார்த்திக் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அவரு பேரை விட்டுரலாமே மேடம். நாமளே தள்ளினோம்னு போட்டுக்கலாம். அந்தப் பேரைப் பாத்தா இன்னும் நாலு கேள்வி வரும். நானா சொல்லல, முன்னாடி இப்படி வந்திருக்குது.”

நான் அத்தையைப் பார்த்தேன். நிலநடுக்கம் என்று போடச் சொன்னவர்தான் அவர். சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இன்னாப்பா சொல்லுறே? ஒரு கீறல் இல்லாம என் மெஷின திருப்பி வெச்ச மனுஷன் அவரு. பூசைக்குக் கூலி வாணாம்னு பொரியை வாங்கினு போனாரு. அவரு பேரை மறைச்சாத்தான் மெஷின் ஓடும்னா, அது ஓட வாணாம். எழுதுடி. பாஷா. இந்தியர். ஓரிக்கை. கொட்டை எழுத்துல எழுது.”

எழுதினேன். அவருடைய நாலு ஆட்களின் பெயரையும் எழுதினேன். வரவேற்பில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அனுப்பு என்ற பொத்தானைக் கார்த்திக்கே அழுத்தினார். கெட்டவர் இல்லை. அதனால் என் கோபம் குறையவில்லை. நல்லவர்கள் எல்லோரும் குரலைத் தணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அலுவலகமாக அது இருந்தது.

கிளம்பும்போது மெஷினுக்குள் இருக்கிற பாதி மூட்டையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்டார். கூடாது என்றார் கார்த்திக். பரிசீலனை முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது, மெயினையும் அணைக்கக் கூடாது. அணைத்தால் உணர்கருவியின் பதிவு அறுபட்டுப்போகும், எல்லாம் முதலிலிருந்து. கதவைத் திறந்தால் பூட்டை உடைக்கப் பார்த்ததாகப் பதிவாகும்.

“எவ்ளோ நாள் ஆவும்?”

“சொல்ல முடியாது மேடம்.”

“தோராயமா?”

அவர் லேப்டாப்பை மூடினார்.

வெளியே வந்தபோது மணி 12.35. எதிர்த் தொழிற்சாலைக்குப் போன இரண்டு இன்ஜினீயர்களும் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கூட்ரோடு வரைக்கும் நடந்தோம், ஆட்டோ கிடைக்கவில்லை. நடைபாதை கிடையாது, லாரிகள் சேற்றை வாரி இறைக்கும். மதில் ஓரமாக நின்றே இட்லியைச் சாப்பிட்டோம். 1.50க்குப் பேருந்து, உட்கார இடம் இல்லை. 3.10க்குக் காஞ்சிபுரம்.

வழியில், வாலாஜாபாத்தில் கூட்டம் இறங்கியதும் அத்தை காலிப்பர் பொருத்தும் நிலையத்துக்கு ஃபோன் செய்தார். பாதி முடிந்த மூட்டைச் சாதாரண மில்லிங் மெஷினில் முடித்தால் தாங்குமா என்று கேட்டார். தாங்கும், வளைவு சரியாக வராது, கொஞ்சம் கனமாக இருக்கும், புதிது வருகிறவரைக்கும் போடலாம் என்றார்கள். அத்தை ஃபோனை வைத்துவிட்டு, “ஷெட்டுக்குப் போலாம்” என்றார்.

பாஷா பாய் எங்களுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தார். மெஷினைத் தொட்டவர்களின் பெயரைக் கேட்டார்கள் என்று சொன்னதும், “என் பேரும் போட்டீங்களா?” என்றார். போட்டோம் என்றேன். “அட, நான் இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. என் பேரு மட்டும் பிளேன் ஏறிடுச்சு” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்னாலதான் லேட்டாவுதுன்னா எடுத்துரும்மா. நான் கோச்சிக்க மாட்டேன்” என்றார். அத்தை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

கதவின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே இருக்கும் பூட்டைத் திருப்பினால் கதவு திறக்கும். திரையில் இன்னொரு சிவப்பு வரி வந்தது. அத்தை அதைப் படிக்கச் சொல்லவில்லை. கையை உள்ளே விட்டு, பிடியைத் தளர்த்தி, மூட்டை எடுத்துப் புடவை முந்தானையில் துடைத்தார். ஒரு பக்கம் பளபளவென்று வளைவாகவும் மறுபக்கம் வெட்டாத கட்டியாகவும் இருந்தது. பாஷா பாயின் மச்சான் பிள்ளையார்பாளையத்தில் லேத்தும் மில்லிங்கும் வைத்திருக்கிறார். அதை அவரிடம் கொண்டுபோனார்கள்.

புதன்கிழமை ஜெயந்தி பள்ளிக்கு வந்தாள். நான் படிக்கட்டின் கீழே நின்றேன். “என்னாடி, ஆரத்தி எடுக்க நிக்கிறியா? தள்ளு” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முன்பைவிட மெதுவாகத்தான் ஏறினாள். மேலே போய் மூட்டைத் தடவிக்கொண்டு, “இந்தப் பக்கம் நல்லாருக்குது, இந்தப் பக்கம் அரைக்குது” என்றாள். மாலையில் பார்த்தால் அந்த இடம் சிவந்திருந்தது. பஞ்சு வைத்துக்கொள்கிறாள். நல்ல மூட்டை முழுதாகச் செய்யக்கூடிய மெஷின் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கிழக்கே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

குண்டு செய்கிறவனுக்கு மெஷின் போய்ச் சேரக் கூடாது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. யாருக்கும் இருக்காது. ஆனால் விற்கும்போது காசை வாங்கிக்கொண்டு, விற்றபிறகு சந்தேகத்தை மட்டும் சின்னவர்களுக்கும் உதவியைப் பெரியவர்களுக்கும் பங்கு போடுவது எந்த நியாயத்தில் சேரும்? எதிர்த் தொழிற்சாலைக்கு இருக்கிற அதே சட்டம்தான் அத்தைக்கும். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கேள்வி வந்ததைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: சனிக்கிழமை போகாதீர்கள், பாதி நாள்தான். காஞ்சிபுரத்திலிருந்து 7.50 பேருந்து போதும். மெஷின் பதிவுச் சான்றின் அசலைக் கொண்டுபோங்கள், காவலரே கேட்பார். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஐந்து அச்சு மெஷினைப் பழையதாக வாங்குகிறவர்கள், உள்ளே இடமாற்ற உணர்கருவி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் இறக்கும்போதே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். கேள்விகள் வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நீங்களே கேளுங்கள். படிவத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் நான் அறிவுரை சொல்ல மாட்டேன். நான் எழுதியதையும் அதன் விளைவையும் சொல்லிவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையகத்திலிருந்து மறுபடி மின்னஞ்சல் வந்தது. ஷெட்டில் இருந்துதான் படித்தோம். பாஷா பாயைப் பற்றி ஏழு கேள்விகள். அவர் வெளிநாடு போயிருக்கிறாரா, யாரிடம் வேலை செய்திருக்கிறார், அத்தையை எப்படித் தெரியும். கடைசியில் இரண்டு கேள்விகள்: மெஷினின் கதவு திறக்கப்பட்டதா? மின்சாரம் தொடர்ந்து இருக்கிறதா?

“இன்னா எழுதட்டும்?” என்றேன்.

“எப்பவும் எழுதுற மாதிரியே எழுது” என்றார் அத்தை.

பாஷா பாயைப் பற்றிய ஏழு கேள்விகளையும் காலியாக விட்டேன். கீழே, அவை அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்று எழுதினேன். கதவு: ‘ஆம், திறந்தோம். ஒரு பெண் படியேற வேண்டியிருந்தது.’ மின்சாரம் என்ற இடத்துக்கு வந்ததும் அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மெயின் பெட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

“இருக்குதுன்னு போடட்டுமா அத்தை?”

“இரு” என்றார். கைப்பிடியைக் கீழே இழுத்தார். மெஷினின் திரை, அதன் உள்ளே எரிந்த விளக்கு, ஷெட்டின் குழல்விளக்குகள் எல்லாம் அணைந்தன.

“இப்ப எழுது” என்றார்.

ஃபோன் வெளிச்சத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். இனி எல்லாம் முதலிலிருந்துதான் என்று தெரிந்தேதான் அத்தை இழுத்தார்.